சந்தனம் பூசிய இரண்டு தோட்டாக்கள்

எங்கள் வீட்டின் சத்தத்தையெல்லாம் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று அக்கா நம்புகிற, என் பிரியத்துக்குரிய அத்தான்,

நீங்கள் போன வருடம் வீட்டில் பண்டிகை எதுவும் இல்லை. இந்த வருடம்தான் அக்கா மறுபடி ஆயுத பூஜை செய்தாள். தின்கன்ஜூன் வீடு அப்படியேதான் இருக்கிறது. மின்சாரம் வருகிற நேரம் பார்த்துச் சமையல் நடக்கிறது. உங்கள் மகள் தாண்டா அதே துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள், அதே பஸ்ஸில் போய் வருகிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அந்த இரண்டு தோட்டாக்கள் இப்போது வீட்டில் இல்லை.

பூஜையன்று காலை தாண்டா சாமி அறையைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். தையல் மெஷின், அரிவாள்மனை, அவளுடைய கால்குலேட்டர், உங்கள் ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பெட்டிக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில், பித்தளை அடிப்பாகத்தோடு சிவப்பு உருளைகள் இரண்டு. பத்திரிகைத் தொழில் பழக்கத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டாக்கள்.

உடனே கூப்பிட்டேன்.

"தாண்டா, அந்தப் படத்த அழி. இப்பவே."

"ஏன் மாமா, பூ சரியா வெக்கலையா?"

"பூ நல்லாத்தான் இருக்கு. தட்டுல இருக்கறது என்னன்னு தெரியுமா?"

"தாத்தா சாமான்னு அம்மா சொல்லிச்சு. வருஷா வருஷம் வெக்கிறதுதானே?"

பர்மாவின் இந்த ஊரில் இப்போது போலீசும் பட்டாளமும் வண்டியை நிறுத்திக் கைபேசியை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். அவள் தினமும் அப்படி ஓர் இடத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். இரவில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வீட்டுக்கே வருவதும் உண்டு. படத்தை அழித்துவிட்டாள். தட்டை என்ன செய்வது?

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் நெல் வயல் இருந்தது. காவலுக்கு அனுமதியோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதைத்தான் நடுவில் சாத்தி வைப்பார்கள். பிறகு அரசாங்கம் துப்பாக்கிகளைத் திரும்பக் கேட்டபோது நீங்களே படகில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். திரும்பி வந்ததும், "தோள் லேசாயிடுச்சு" என்றீர்கள். ஆனால் அலமாரியில் கிடந்த இரண்டு தோட்டாக்களைக் கொடுக்கவில்லை. துப்பாக்கி இல்லாமல் இது வெறும் அட்டையும் பித்தளையும் என்று சொல்லி, அது இருந்த இடத்தில் இவற்றை வைத்துவிட்டீர்கள். யாரையாவது விசாரித்தீர்களா, அத்தான்? இல்லை, நீங்களாகவே முடிவு செய்துகொண்டீர்களா?

சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சட்டம்தான் இன்றும் அடிப்படை. வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துச் செல்வது எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். துப்பாக்கியைப் போலவே தோட்டாவுக்கும் வேண்டும். பிறகு வந்தவர்கள் தண்டனையைக் கூட்டினார்கள். சாதாரண ஆட்களுக்கு அனுமதி கிடைப்பது வெகுகாலம் அரிதாகவே இருந்தது. அண்மை வருடங்களில் அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பதினெட்டு வயது முடிந்தவர், நாட்டுக்கு விசுவாசமானவர், நன்னடத்தை உள்ளவர், பாதுகாப்புத் தேவை இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று செய்தி வந்தது. விசுவாசத்தை எப்படி அளப்பார்கள் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். ஆற்றில் போட்டுவிடலாம் என்று சொன்னேன்.

"எப்படிக் கொண்டுபோவ?" என்றாள் அக்கா. "வழில பைய தொறக்கச் சொன்னா? பத்திரிகைக்காரன் பையில தோட்டான்னா, அவனுக்கு வேற வேலையே வேணாம்."

"அப்ப குப்பையில?"

"பொட்டு வெச்சுக் கும்புட்டத குப்பையில போடுவியா? உங்க அத்தான் கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவரு கேக்க மாட்டாரு அக்கா."

"உனக்குத் தெரியுமா?"

கடைசியில் அவளே முடிவு செய்தாள். அவர் துப்பாக்கியைக் கொடுத்த மாதிரியே இதையும் போலீஸ் கையில் கொடுத்துவிடுவது.

மறுநாள் வார்டுத் தலைவர் ஊ தெய்னைத் தேநீர்க் கடையில் பார்த்தோம். அவர் குரலைத் தாழ்த்தினார். "எதுக்கு வம்பு? உங்க மாப்பிள்ளை யாராவது புது விதியில ஒரு துப்பாக்கிக்கு அனுமதி வாங்கட்டும். அதோட சேர்ந்து இந்த ரெண்டும் சரியாயிடும்."

"ரெண்டு தோட்டாவ வெச்சுக்கறதுக்கு ஒரு துப்பாக்கியா?" என்றாள் அக்கா. "எனக்கு மாப்பிள்ளையே இன்னும் கிடைக்கல."

ஊ தெய்ன் சிரித்துவிட்டார். ஆனாலும் உதவினார். வீட்டிலிருந்து போலீஸ் நிலையம் வரைக்கும் கொண்டுபோவதும் சட்டப்படி எடுத்துச் செல்வதுதான் என்று நான் சொன்னதும், முன்கூட்டியே நிலையத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். எங்களுக்கு முன்னால் நடந்தும் வந்தார்.

ஒரு விஷயத்தில் அக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை. தோட்டாக்களைத் துடைக்க மறுத்துவிட்டாள். பூஜையில் இருந்ததை வெறுமனே நீட்டக் கூடாதாம். தட்டில் வெற்றிலையும் இரண்டு வாழைப்பழமும் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு எடுத்துக்கொண்டாள். யாராவது பார்த்தால் நிச்சயதார்த்தத்துக்குப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வழியெல்லாம் அவளுக்கு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாருடையது என்று கேட்டால் கணவருடையது என்று மட்டும் சொல்ல வேண்டும். தன்னுடையது என்று சொன்னால் வழக்கு அவள் மேல் வரும். அவள் உள்ளே போனால் தாண்டா தனியாகிவிடுவாள்.

நிலையத்தில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்திருந்தது. பர்மியப் பேச்சைத் தமிழில் தருகிறேன்.

அதிகாரி இளைஞர். துண்டை விலக்கியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இதென்ன, ரத்தமா?"

"குங்குமம் மகனே."

"தோட்டாவுக்கா?"

"எங்க வீட்டுல அரிவாளுக்கும் வைப்போம், கால்குலேட்டருக்கும் வைப்போம். இது சுடறதுக்கு இல்ல, கும்புடறதுக்கு."

"யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

"அவர் எங்க?"

"போயிட்டாரு."

"வெளிநாட்டுக்கா?"

"இல்ல. ஒரேயடியா."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு அவர் கேட்டார். "அப்ப, இப்ப இது யாரோடது?"

நான் எழுந்துவிட்டேன். உள்ளே அக்காவின் முதுகு தெரிந்தது.

"என்னோடதுதான்" என்றாள். "அவரு வெச்சிட்டுப் போனாரு, அவ்வளவுதான். வருஷா வருஷம் பொட்டு வெச்சது நான். வேற யார் பேரச் சொல்றது?"

அவர் எழுதுவதை நிறுத்தினார். மேலதிகாரிக்குப் போன் செய்தார். நாங்கள் காத்திருந்தோம். ஊ தெய்ன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலை போடவா வேண்டாமா என்று யோசிப்பது போலக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அக்காவின் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். தோட்டாக்களை ஓர் உறையில் போட்டார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்றார்கள். அக்கா எழுந்தபோது அந்த இளைஞர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பழத்த எடுத்துட்டுப் போங்க. அதுக்கு அனுமதி வேணாம்."

அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

இதுவரை கூப்பிடவில்லை. இனிக் கூப்பிட மாட்டார்கள் என்று எழுத என்னால் முடியாது. தெருவில் வண்டி நின்றால் தாண்டா ஜன்னலுக்குப் போகிறாள். அக்கா போவதில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளிடம் கேட்டேன். "செத்தவர் தலையில போட்டுட்டு வந்தா, சாயங்காலம் அவரு படத்துக்கு முன்னால எப்படி விளக்கேத்தறது?" என்றாள். அவளுக்கு அது வாதமே இல்லை, வீட்டு வேலை.

பூஜைத் தட்டைக் கழுவி அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அதில் என்ன வைப்பது என்று அக்கா கேட்டாள். தாண்டா தனக்குத் தெரிந்த தமிழில், "சும்மா இருக்கட்டும் அம்மா. அப்பா தோள் மாதிரி, லேசா," என்றாள். அந்தக் கதையை அவளுக்கு எப்போது சொன்னீர்கள்?

ஒன்று மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன், அத்தான். மறுபடி கூப்பிட்டால் அக்காவோடு நானும் போவேன். என்னை வெளியே உட்காரச் சொன்னாலும், அந்த பெஞ்சில் இனி உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் படங்களை இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிற
உங்கள் மைத்துனன்