கான் தண்ணீரில் முளைக்காத குரக்கன்

பசறை,
டிசம்பர் 1916

அன்புள்ள றீட்டா அக்காவுக்கு,

இல்லை, முளைக்கவில்லை. நீ கேட்டதற்கு இதுதான் பதில். ஆனால் கடிதத்தை இங்கேயே மடித்துவிட்டு அழாதே. முழுவதும் படி.

பிள்ளைத்தாச்சி மகள் பேரில், கிறிஸ்மஸ் குடிலில் வைக்கக் குரக்கன் தானியத்தை முளைபோடுவது அம்மாவின் வேலை; முளை நன்றாக வந்தால் பிள்ளை தங்கும் என்பாள். அம்மா போன பிறகு வரும் முதல் கிறிஸ்மஸ், அதனால் நான் போட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் வரவில்லை. கிளறிப் பார்த்தால் விதை கறுத்துக் கிடக்கிறது.

பக்கத்துக் காம்பரா செபஸ்தியம்மா அத்தை எட்டிப் பார்த்தாள். "போன தடவையும் அவளுக்குப் புள்ள தங்கல. இப்ப சட்டியும் முளைக்கல. பச்சப்பசேல்னு வந்துச்சுன்னு எழுதிப்போடுடா, அவ வயித்தக் கலக்காத" என்றாள்.

எனக்குப் பொய் வராது. வந்திருந்தால் பதுளைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அங்கேயே காலம் தள்ளியிருப்பேன், ஓடி வந்திருக்க மாட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன், அத்தையின் சட்டியும் மொட்டை. லயத்து வீடுகளில் எல்லார் சட்டியும் அப்படியே. கீரைப் பாத்தியும் மஞ்சளாகிச் சுருண்டுவிட்டது. மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீர் குடிக்கவே பற்றாது; செடிக்கு லயத்தோரக் கான் வாய்க்காலில் ஓடுவதைத்தானே மொள்ளுவோம். இந்த வருஷம் அந்தக் கானில் புது ரப்பர் ஸ்டோரின் கழிவு விழுகிறது. அங்கே ரப்பர் பால் உறையத் திராவகம் ஊற்றுகிறார்கள். மிஞ்சும் புளித்த தண்ணீரைக் கானில் சாய்ப்பது யார்? நான்தான். எனக்கு அங்கே அந்த வேலை.

கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்த விட்டு ஓடியாந்த தொரை படிச்சுக் குடுக்குறாரு, கேட்டுக்குங்கடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதே விதையை, அதே மேட்டு மண்ணில், இன்னொரு சட்டியில் போட்டேன். ஸ்டோருக்கு மேலே இருக்கும் பாறை ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தேன். வந்துவிட்டது அக்கா! பூனை முதுகு மாதிரி அவ்வளவு நெருக்கம். அத்தை வந்து முளையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் ஒரு கொடம் கொண்டாடா" என்றாள்.

குற்றம் தண்ணீரில். உன் வயிற்றில் இல்லை. இதை மச்சானுக்கும் உன் மாமியாருக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

சட்டியை அம்மா படுத்த இடத்தில் வைத்திருக்கிறேன். வெயில் அங்கேதான் விழுகிறது. வேலை விட்டு வந்தால் அதோடுதான் பேச்சு. வேறு யார் இருக்கிறார்கள்?

மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். பிள்ளை பிறந்து உடம்பு தேறியதும் ஒரு தடவை இங்கே கொண்டுவந்து காட்டு. பண்டாரவளை ரயிலடியில் வந்து நிற்கிறேன். அங்கிருந்து பிள்ளையை நானே தூக்கி வருவேன்.

பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிக்கிறார்கள். ஆள் எண்ணுவதற்குள் ஊற்றுக்குப் போய்வர வேண்டும், இப்போது ரெண்டு குடம். போகிறேன்.

தம்பி,
கபிரியேல்