றேந்தைப் புத்தகத்துக்குப் பேசிய பேரம்

1996 ஜூலை 8, திங்கள். மெல்போர்ன்.
மகள் சுகந்தியை வியாழக்கிழமை நூலகத்துக்கு விடமாட்டேன் என்று அவளுடைய மாமியார் சொல்லிவிட்டார். பிள்ளை பெற்ற துடக்கு, முப்பத்தொரு நாள் தீட்டு, கழிய இன்னும் ஒரு கிழமை. வெளியே தூறல். பிள்ளை சுகம். சிட்னியில் என் கலியாண உடுப்புக் கடை பூட்டு.

அவள் பார்க்க வேண்டியது நானூறு வருசத்துக்கு முந்திய வெனிஸ் றேந்தை, அதுதான் லேஸ், பின்னுகிற மாதிரிப் புத்தகம். நூலகத்துக்கு இரவலாக வந்தது. வெள்ளி திருப்பி அனுப்புகிறார்கள். அவளுடைய ஆராய்ச்சியே அதில்தான். அச்சடித்தவன் முதல் பக்கத்தில் பெரிய வீட்டுச் சீமாட்டிகளைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறானாம். வீட்டோடு இருங்கள், கை சும்மா இருக்கக் கூடாது என்று புத்தி வேறு. பின்னியது யார்? கூலிப் பெண்களும் கன்னியர் மடத்துப் பிள்ளைகளும் என்கிறாள். மாதிரியை அடியில் வைத்த தாளில் இறக்க, கோட்டின் மேலே ஊசியால் குத்துவார்களாம். புத்தகம் பின்னுகிறவர்கள் கையில் இருந்ததற்கு அந்தத் துளைகள்தான் சாட்சி. போட்டோப் பிரதியில் துளை எது, புள்ளி எது என்று தெரியாது.

புகழ்ச்சி எனக்குப் புதிதில்லை. நானும் கடையில் மணப்பெண்ணின் தாயைத்தான் புகழ்கிறேன். தைக்கிறவளை யார் கேட்டது.

9, செவ்வாய்
வாங்க: நல்லெண்ணெய், பிள்ளை பெற்றவளின் கறிக்குச் சரக்குத்தூள், நாப்பி.
குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற சம்பந்தியம்மாவிடம் மெல்லக் கதை கொடுத்தேன். டொக்டரிடம் போனாளே, அதுவும் வாசல் தாண்டித்தானே என்றேன். அது வேறையாம்.
"றேந்தை பாக்கிறதெண்டால் உங்கட கடையில இல்லாததே, தங்கச்சி?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். மருமகன் நந்தன் கார் கழுவப் போய்விட்டார். மழையில்.
சுகந்தி பால் கொடுத்தபடி சொன்னாள்: "நான் போகாட்டி எழுத ஒண்டுமில்லையம்மா. இவ்வளவு நாளும் ஊகம்தான் எழுதி வச்சிருக்கிறன்." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகம்.

10, புதன்
காலை சம்பந்தியம்மாவோடு பேரம் முடிந்தது. எத்தனையோ வருச வியாபாரத்தில் இவ்வளவு இறங்கி முடித்ததில்லை. என் அவசரம் அவருக்குத் தெரியும். அவருக்கு அவசரமே இல்லை. நந்தன், அம்மா சொன்னால் சரி என்றார். சுகந்தியைக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பாள், புத்தகமும் போய்விடும்.
"அக்கா, ஒருக்கா விடுங்கோ. மற்றதெல்லாம் நீங்கள் சொல்லுற மாதிரி."
"ஓம். பிறகு கதை மாறக் கூடாது."
நாளை போகலாம், நானும் கூட. அடுத்த பாலுக்கு முன்னம் வீட்டில் நிற்க வேண்டும். வந்து தலைக்குத் தோய்ந்து குளித்த பிறகே பிள்ளையைத் தொடலாம். பதிலுக்கு, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை சுகந்தியின் படிப்பு நிறுத்தம்.