டெக்சாஸ் லைசென்ஸை விட்டுக்கொடுக்காதே

ஃப்ரீமான்ட்,
மார்ச் 2000

அன்பு மகள் ரெனிஷாவுக்கு,

உன் கை வீக்கம் வடிந்து, வேளைக்குச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்கி எழுந்து நீ சுகமாயிருக்க ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், தம்பி ஷைனும் காலேஜில் சுகம். அப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இருக்கிற ஆத்திரத்தில் மறந்துபோகும். உன்னை ஊர் ஊராக வேலைக்கு அனுப்புகிற கம்பெனிக்காரர்கள் ஃபேக்ஸில் அனுப்பிய தாளில் கையெழுத்துப் போடாதே. தெரப்பி வேலைக்கான டெக்சாஸ் லைசென்ஸை நானாகவே திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவர்கள் எழுதிவைத்தால் நீ தலையாட்ட வேண்டுமா? எந்த ஊருக்கு அனுப்பினாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அந்தந்த மாநிலத்துக்குத் தனித்தனியாக எழுதிப்போட்டு, கைரேகை கொடுத்து, காத்துக் கிடந்து வாங்கிய லைசென்ஸ் அது. ஒருத்தன் மிரட்டினான் என்று கொடுத்துவிட்டு வருவதற்கு அது என்ன கோயில் சுண்டலா?

நீ போனில் அழுதுகொண்டே விட்டுவிட்டுச் சொன்னதை நான் கோத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்ட்ரோக் வந்து பேச்சும் போய் வலது கையும் விழுந்துவிட்ட அந்த சிவராமகிருஷ்ணன் பெரியவருக்குத் தமிழ் தெரிந்த தெரப்பிஸ்ட் வேண்டும் என்று கேட்டுத்தான் உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். நீயும் போன முதல் நாளே அவர்கள் கொடுத்த தோசையைச் சாப்பிட்டு, மகன் ஸ்ரீநிவாஸை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். பெரியவருக்குத் தானாகச் சட்டை போடப் பழக்கும்போது புஜத்தில் ஐந்து விரல் தடத்தையும் முதுகில் பெல்ட் தடத்தையும் பார்த்தாயே, அன்றைக்கே அரசாங்கத்துக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்பது உன் வேலையின் சட்டம், அது உனக்குத் தெரியாததா? வெள்ளைக்காரன் வீடாயிருந்தால் காரில் ஏறியதுமே சொல்லியிருப்பாய். நம் ஆள், நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம், வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று நினைத்து, அவனைச் சமையலறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, நான் யார்கிட்டயும் சொல்லல, இனிமே அப்பாவ அடிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாய். அவன் உன் மணிக்கட்டை எலும்பு முறியும்வரை திருகினான், முடியைப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் மோதினான், மறுநாள் காலையில் முந்திக்கொண்டு லைசென்ஸ் கொடுக்கிற போர்டுக்குப் போன் பண்ணி, அப்பா உடம்பில் இருக்கிற காயமெல்லாம் தெரப்பிக்கு வந்த பெண் செய்தது என்று புகார் கொடுத்துவிட்டான். நான் வேலை பார்க்கிற கடையில் பலாக்காய் வெட்டுகிற கத்தி உனக்குத் தெரியும், நேற்று முழுக்க வெட்டும்போது அவன் மணிக்கட்டைத்தான் நினைத்துக்கொண்டு வெட்டினேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், எனக்கு மன்னிக்க மனசில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று நீ சொன்னது அப்பா போனில் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதோடு விட்டாரா? அந்த ஸ்ரீநிவாஸ் எப்படியோ நம் நம்பரைப் பிடித்து இங்கே பேசினான். அங்கிள் அங்கிள் என்று குழைந்து, உங்கள் மகள் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகட்டும், நான் புகாரை இழுக்க மாட்டேன் என்றான், உன் அப்பா சரி தம்பி, சரி தம்பி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கேட்டதற்கு, "கலிஃபோர்னியால இந்த வேலைக்கு லைசென்ஸே கேக்கறதில்ல, அவ இங்க வந்து அப்ளை பண்ணட்டும், எதுக்கு ஊரெல்லாம் நாறணும்" என்றார். நான் ஸ்வர்ணாவிடம் கேட்டேன், அவள் எத்தனை வருஷம் நர்ஸாக இருக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் அத்துப்படி. விசாரணை நடக்கும்போது நீயாகக் கொடுத்தாலும் தண்டனையாக அவர்கள் பிடுங்கியதாகத்தான் பதிவாகும், நியூஜெர்சி லைசென்ஸைப் புதுப்பிக்கும்போது கேட்பார்கள், எல்லா மாநிலத்துக்கும் பொதுவான சர்டிஃபிகேட் கொடுக்கிறவர்களும் கேட்பார்கள், இங்கேயும் சட்டம் கொண்டுவரப் பேச்சு நடக்கிறது, வந்தால் இவர்களும் கேட்பார்கள் என்றாள். ஒரு கையெழுத்தில் எல்லா ஊரும் போய்விடும், அதைத்தான் உன் அப்பா சமாதானம் என்கிறார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரிடம் இதைச் சொன்னேன். மகளைவிட அந்தப் பொறுக்கி உங்களுக்கு உசத்தியா என்று கேட்டேன், வாயில் அடித்தார். உனக்கு இது புதிதில்லை. நம் வீட்டில் அம்மா எத்தனை தடவை பாத்ரூமில் விழுந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியும், டாக்டரிடம் நான் அதைச் சொல்லும்போது என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டவள் நீ. ஆனால் இந்தத் தடவை நான் அடுப்பிலிருந்த ரசத்தைச் சட்டியோடு எடுத்து வீசினேன். சுவரில் பட்டுத் தெறித்தது, குறி தப்பியதே என்று அந்த நிமிஷம் எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அவர் என் கழுத்தைப் பிடித்துக் கதவில் வைத்து அழுத்தினார், ஒரு பல் போய்விட்டது. கையில் அகப்பட்ட இட்லித் தட்டால் அவர் காதோடு சேர்த்து அடித்தேன், பிடி விட்டது, ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு 911 அழைத்தேன். வந்த பெண் போலீஸ் சின்ன வயசு, உன் வயசுதான் இருக்கும், என்ன நடந்தது என்று கேட்டாள். பழக்க தோஷம், பாத்ரூம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "மை ஹஸ்பண்ட் ஹிட் மீ, மெனி இயர்ஸ்" என்றேன். பனியனோடு விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள், எதிர்வீட்டு அனந்தராமன் குடும்பமே வாசலில் நின்று பார்த்தது. இப்போது அவர் என் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு, லிவர்மோரில் ஆபீஸ் சிநேகிதர் வீட்டில் இருக்கிறார். சர்ச்சிலிருந்து இரண்டு பேர் வந்து கேஸை வாபஸ் வாங்கச் சொன்னார்கள், டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அவருடைய லஞ்ச் டப்பாவைக் கழுவி வைக்கும்போது மட்டும் அழுகை வந்தது, ஏன் என்று கேட்காதே.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய், அன்றைக்குப் பொய் சொன்னேன், ஸ்ரீநிவாஸ்தான் என்னை அடித்தான் என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொல். போலீஸில் சொல். போர்டிலிருந்து விசாரிக்க வருகிறவரிடம் எல்லாவற்றையும் சொல், தடத்தைப் பார்த்த அன்றே சொல்லாமல் அவனிடம் போய் அண்ணா என்று கெஞ்சியதையும் மறைக்காதே. அதற்கு அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள், அது உன் தப்புதான். வக்கீல் இல்லாமல் போகாதே. அந்தக் கையோடு ஃப்ரீவேயில் கார் ஓட்டாதே, வெறும் பிரெட்டைத் தின்று பொழுதைக் கழிக்காதே. லைசென்ஸைப் புதுப்பிப்பதற்கு வேண்டிய வகுப்புகளையும் விட்டுவிடாதே, கை உடைந்தாலும் உட்கார்ந்து கேட்கலாம் அல்லவா. ஷைன் டிக்கெட் எடுத்துவிட்டான், சனிக்கிழமை நான் ஹூஸ்டன் வருகிறேன், ஓட்டைப் பல்லோடு வருகிறேன், பார்த்துப் பயப்படாதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளைப் பழையபடி வேலைக்குப் பலப்படுத்துவாராக. ஒன்றை மட்டும் நான் வரும்வரை தள்ளிப்போடாதே. அந்தப் பெரியவர் இன்னமும் அந்த வீட்டில் அவனோடுதான் இருக்கிறார். உன் லைசென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவருக்காக அரசாங்கத்துக்குப் போன் பண்ணு, இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் பண்ணு. அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது ரெனி, உன்னால் முடியும்.

உன் அன்பு அம்மா,
ஜெயலீலா