மிஷ்மிஷ் கழுத்தில் சிவப்பு நாடா

கைரவான், வியாழக்கிழமை

அன்பு மகன் நௌஃபலுக்கு உன் உம்மா மப்ரூக்கா ஸலாம் சொல்லி எழுதுவது. லியோனில் நீ சுகமாய் இருக்க அல்லாஹ் போதுமானவன், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், அது நடந்த அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்கள் நான், உன் தங்கை ரஃபீக்கா, அவள் மகள் இனெஸ், உன் வாப்பாவின் தங்கை ஸுஹ்ரா, ஸுஹ்ராவின் பூனை மிஷ்மிஷ். வேறு யாருமில்லை. போனில் சொல்லலாமென்றால் இனெஸ் என்னை விட்டு நகர்வதில்லை, பிள்ளைக்கு எதுவும் தெரியாது.

மிளகாய் கோத்துக்கொண்டிருந்தோம், மடியில் கிடந்த பூனை திடீரென்று இனெஸின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. ரஃபீக்கா பதறினாள். "நாடா கட்டின பூனைதானேடி, ஊசி போட்டாச்சு, எதுக்கு ஊரைக் கூட்டுறே" என்றாள் உன் அத்தை. வசந்தத்தில் பள்ளிவாசல் முன்னால் வெறிநோய் ஊசி போட்டார்களே, போட்டதற்கு அடையாளம் அந்தச் சிவப்பு நாடா, அது இல்லாததை நகரசபை ஆட்கள் சுட்டுவிடுவார்கள். நாங்களும் நம்பி, காயத்தில் காப்பித்தூளை அப்பித் துணி சுற்றினோம், சுற்றியது நான்தான்.

நாலாம் நாள் பூனை எச்சில் ஒழுகப் பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது, ஊசி போட்ட அன்றைக்கு ஸுஹ்ராவின் கையெல்லாம் கீறல், பூனை மாதுளை மரத்து உச்சியில். ஊசிச் சீட்டு எங்கேடி என்றேன். சீட்டை எலி தின்னிருக்கும் என்றாள். "பூனை வளர்க்கிற வீட்டுல எலியா?" என்று கேட்டதும் அழுதுவிட்டாள். "அது பிடிபடல மதினி, சுட்டுடுவாங்கன்னு பயந்து நாடா மட்டும் கேட்டு வாங்கிக் கட்டிட்டேன்."

அப்போதே இனெஸைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், ஆஸ்பத்திரியில் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், காயத்தைச் சுற்றி ஊசி, தோளில் ஊசி. "நாலு நாளா எங்கம்மா போனீங்க?" என்றார் டாக்டர். பூனை மறுநாளே செத்தது, தலையைத் துனிஸுக்கு அனுப்பினார்கள், நேற்றுச் சேதி வந்தது, வெறிநோய்தான். பிள்ளைக்கு மூன்று ஊசி ஆகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி, காய்ச்சல் இல்லை. ஆனாலும் அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுப் பூனைக்கு வருஷம் தவறாமல் ஊசி போடு, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது என்று விட்டுவிடாதே, புழு மருந்தும் கொடு, சீட்டைக் கண்ணால் பார். அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பான். இனெஸுக்காக துஆ செய்.

உன் உம்மா
மப்ரூக்கா

எல்லோருடைய ஸலாமும் இதில் உண்டு. ஒருத்தி மட்டும் தன் ஸலாத்தையும் சேர்க்கச் சொல்லிக் கதவருகே நிற்கிறாள், நான் சேர்க்கவில்லை, மௌத்துவரை மன்னிக்கவும் மாட்டேன். அந்த ஒருத்தி ஸுஹ்ரா.