ஏழு பெண் மலை

மார்ச் 3
நகராட்சி அதிகாரி வந்தார். மலையடியில் பலகை வைக்கிறார்களாம். வாசகத்தைத் திருத்தித் தர வேண்டும். "ஐயா புத்தகத்துலேர்ந்துதான் எடுத்தோம் மேடம்." என் கணவர் எழுதியது: பகைவனுக்கு அஞ்சிய ஏழு இளவரசிகள் உச்சியில் கல்லானார்கள், அதனால் ஏழு பெண் மலை. பலகைக்கான ஆறு வரியில் நான்கு ஒற்றுப் பிழை. பள்ளியில் கன்னியாஸ்திரீகள் காதைத் திருகி இலக்கணம் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

மார்ச் 4
பாத்திரம் தேய்ப்பவள் தாளை எட்டிப் பார்த்தாள்.
"எங்க கொள்ளுப்பாட்டி இளவரசியாம்மா? சொல்லவே இல்லியே! குவாரியில கல்லுடைச்ச ஏழு பொம்பளைங்க மேல பாறை சரிஞ்சுது. அதுக்கப்புறம் வந்த பேரும்மா."
அந்த மலையில் இருந்தது ஒரே குவாரி. என் தாத்தாவுடையது.
"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு" என்றேன்.

மார்ச் 5
அவள் வரவில்லை. பாத்திரங்களை நானே தேய்த்தேன்.

மார்ச் 7
என் கணவர் நில அளவையாளர். கண்ணால் பார்த்தது மையில், காதால் கேட்டது பென்சிலில் - கடைசிவரை மாறாத வழக்கம். பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். இளவரசிகள் பென்சிலில். அடுத்த பக்கம் மை: 'புதருக்குள் ஏழு கல்லறைக் கற்கள்.' ஏழு பெயர், வயது. கடைசிப் பெண்ணுக்குப் பதினாலு. கீழே குவாரியின் பெயர். தேதி, எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த மாதம்.
ஏங்க, பென்சில்ல இருந்ததைப் போய் அச்சுல போட்டீங்க? எனக்காகவா? நாப்பது வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?
சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? தாத்தா படத்துக்குக் கீழேதானே தினமும் சாப்பிட்டோம்.

மார்ச் 8
புது வாசகத்தை அனுப்பினேன். அதிகாரி போனில் இழுத்தார்: "குவாரி பேரு வேண்டாமே மேடம்... உங்க குடும்பம்..."
"எங்க குடும்பம்தான். அதனாலதான் சொல்றேன், போடுங்க."

மார்ச் 9
அவள் வீட்டுக்குப் போனேன். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடி பெயர்களை வாசித்தேன். மூன்றாவதில் நிறுத்தினாள்.
"இவங்கதாம்மா. வயசு என்ன போட்டிருக்கு?"
"இருபத்தொண்ணு."
"என் மகளைவிடச் சின்னவ!"
"நான் அன்னிக்குப் பேசினது தப்பு" என்றேன். நாளைக்கு வருவாயா என்று கேட்டேன்.
"பலகை வரட்டும்மா. பாப்போம்."

ஏப்ரல் 2
பலகை வைத்தாயிற்று. இருவரும் போனோம். மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இரண்டாம் வரியில் ஒற்றுப் பிழை ஒன்று கண்ணில் பட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.
திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து வாங்கம்மா, கல்லு."