படகு தள்ளும் பாடு

உபதேசியாரே,

முந்தாநாள் சபையார் சீட்டுப் போட்டார்கள். தீவுக் குப்பத்துக்கு ஜெபத்துக்குப் போகிற படகைத் தள்ளும் பாடு, மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு, என் பெயரில் விழுந்தது. அதைச் சொல்லிவிட்டு ஒரு மூங்கில் கழியையும் என் வாசலில் சாத்திவிட்டுப் போனார்கள். அதன் நுனியில் ஏரிச் சேறு காயவில்லை. அந்த வாடை கிடங்கு வரைக்கும் வந்தது. அரிசி வாடை, சாயத்துணி வாடை, கோட்டைக்குப் போகிற மிளகு மூட்டை வாடை எல்லாம் எனக்குப் பழக்கம். இந்தச் சேற்று வாடை மட்டும் உம் வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் என் வீட்டுக்குள் வரும். தீவிலிருந்து திரும்பினால் நேரே இங்கே வந்து உட்காருவீர். தரையெல்லாம் சேறாகும். துடைக்க நான் ஆளைக் கூப்பிடுவதற்குள் நீரே துண்டை எடுத்துத் துடைத்துவிடுவீர்.

இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று விற்க வருவார்கள், இல்லையென்றால் வாங்க வருவார்கள். நீர் ஒருத்தர்தான் இரண்டுக்கும் வரவில்லை. நீர் கண்மூடிய பிறகு இங்கே ஆள் நடமாட்டம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் கதவைச் சாத்தும்போது, இன்றைக்கு யாருடன் பேசினோம் என்று யோசித்தால் ஒருவரும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

காட்டூரிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து இந்த ஊருக்கு வந்தவன் நான். பிறகு மூட்டை சுமக்கிறவர்களை வைத்து வேலை வாங்கினேன். வேலை வாங்குவதில் எனக்கு நீர் சொல்லித்தர ஒன்றும் இருக்காது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வேலைக்கு வராவிட்டால் கூலி இல்லை, அவ்வளவுதான் என் சூத்திரம். உம் சபையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சம்பளம் வாங்குகிறவன் மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒருவன்தான். விளக்கேற்றுவது, தண்ணீர் சுமப்பது, கூரைக்கு ஓலை வேய்வது, படகு தள்ளுவது எல்லாம் சும்மா வருகிற செம்படவர்கள். பிடித்து வைக்கக் கூலி இல்லாத ஆளை எப்படி ஐயா ஆளுகிறீர் என்று கேட்டேன். "சம்பளக்காரன்கிட்ட வேலையைக் கேளு. சும்மா வர்றவன்கிட்ட ஒடம்பை விசாரி" என்றீர். இதெல்லாம் வியாபாரத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் செம்படவர்களே ஒரு வழி கொண்டுவந்தார்கள். ஏரியில் மீன் படுகிற இடங்களைக் குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டுப் பிரித்து, இன்ன நாளுக்கு இன்னார் என்று முறை வைப்பார்கள் அல்லவா, அதுதான் பாடு. ஒருவன் பாடு விழுந்த நாளில் இன்னொருவன் அங்கே வலை இறக்கினால் அது திருட்டு. கோயில் வேலையையும் அப்படியே பாடு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். நீர் சரி என்றீர். சண்டை எல்லாம் நின்றுபோனது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தீவுக் குப்பத்து மார்த்தாளுக்காக ஆள் வந்த நாள் வரைக்கும்தான் அந்த ஆச்சரியம். பிள்ளை பெற்ற ஜுரத்தில் கிடக்கிறாள், தேறமாட்டாள், உபதேசியாரைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொன்னார்கள். கரையில் படகும் இருந்தது, ஆளும் இருந்தது. ஒருவரும் கழியைத் தொடவில்லை. அன்றைக்குப் படகு தள்ளும் பாடு ஈசாக்குக்கு. அவன் ஜுரத்தில் குடிசையில் கிடந்தான். "அது ஈசாக்கு பாடு, நாங்க எப்படி எறங்கறது?" என்றார்கள். கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. மார்த்தாளின் சொந்தக்காரன் ஒருவனே அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஆனாலும் அடுத்தவன் முறையில் கைவைக்க அவனுக்கும் மனம் வரவில்லை.

நான் மடியை அவிழ்த்தேன். இரட்டைக் கூலி, யார் வருகிறீர்கள் என்றேன். அது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவசரத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் ஒருவனும் நகரவில்லை என்பதும் உண்மை.

நீர் யாரையும் திட்டவில்லை. வேதம் எடுத்துச் சொல்லவும் இல்லை. ஈசாக்கின் குடிசைக்கு நடந்தீர், நான் பின்னாலேயே வந்தேன். இன்றைக்கு மட்டும் முறையை வேறு ஒருவனுக்கு விடு என்று கேட்டீர். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எங்க நைனா பாடு அவரு சாவற வரைக்கும் கை மாறினதில்ல. என்னுது மாறிச்சுன்னா நாளைக்கு ஊருல இன்னா பேசுவாங்க?" இவன் பெயரை அடித்துவிட்டு வேறு ஆளைப் போடும் என்று உம் காதில் சொன்னேன். நீர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர். ஜுரம் எப்போது வந்தது, கஞ்சி குடித்தாயா என்று விசாரித்தீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே ஒருத்தி சாகக் கிடக்கிறாள்.

பிறகு சொன்னீர்: "சரிப்பா, நீ யாருக்கும் விட வேணாம். நீயே வா. படுத்துக்கினே வா."

"படுத்துக்கினு எவனாவது படகு தள்ளுவானா?"

"கழியில ஒரு கை வை. மிச்சத்தை அவுங்க பாத்துக்குவாங்க."

அப்படியே தூக்கிக்கொண்டு வந்து படகில் கிடத்தினோம். அவன் ஒரு கையைக் கழியில் வைத்துக்கொண்டான். அதுவரை தொடமாட்டேன் என்றவர்களே அந்தக் கழியைப் பிடித்துத் தள்ளினார்கள். பாடு அவன் கையில்தானே இருக்கிறது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே வழி முழுக்க அவர்களை ஏசிக்கொண்டு வந்தான். அங்கே மேடு, இங்கே சேறு, உனக்கெல்லாம் எவன் படகு கொடுத்தான் என்று. நீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர். மார்த்தாள் உம் குரலைக் கேட்டுக் கண் திறந்தாள். மறுநாள் போய்விட்டாள். உம்மைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒரு பிடிவாதக்காரனுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று திரும்பும்போது கேட்டேன். "கூலிக்காரன் வேலையைப் புடுங்கினா அவன் வேறே வேலை தேடிப்பான். சும்மா வர்றவன் வேலையைப் புடுங்கினா அவன் திரும்பி வரமாட்டான்" என்றீர். அடுத்த ஞாயிறே புது ஏற்பாடு செய்தீர். முடியாதவன் கரையில் எல்லார் முன்னாலும் அன்றைக்கு மட்டும் தன் முறையை இன்னொருவனிடம் கொடுக்கலாம், அடுத்த முறை அது அவனுடையதுதான். கொடுத்தவன் பெயரை அன்றைய ஜெபத்தில் முதலில் சொன்னீர். அதற்குப் பிறகு முறையைக் கொடுப்பது யாருக்கும் அவமானமாக இருக்கவில்லை.

இப்போது அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. வேறு உபதேசியார் கிடைக்கும் வரை, சபை மூப்பன் என்ற முறையில் நானே சபையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கோட்டைப் பாதிரியார் சொல்லியனுப்பினார். நீர் சொன்னபடியே உடம்பை விசாரித்துப் பார்த்தேன். "சாவுகாரு ஒடம்பை விசாரிக்கிறாரு, மீனுக்கு வெலை கொறைக்கப் போறாருடா" என்று என் காதுபடவே சிரித்தார்கள். படகு ஒரு ஞாயிறு போகும், ஒரு ஞாயிறு போகாது. போன மாதம் முழுக்கப் போகவில்லை. மழைக்கு முன்னால் ஒழுங்கு செய்யாவிட்டால் தீவு ஜெபவீட்டை மூடிவிடச் சொல்கிறார் பாதிரியார். நீர் பனை ஓலை சுமந்து கட்டிய வீடு அது.

இன்று காலை கழியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். என் செலவில் நிரந்தரமாக இரண்டு படகுக்காரர்களை வைத்துவிடுகிறேன், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். ஈசாக்கு வலை பின்னிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது அவனுக்கு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிராமலே பேசினான்.

"உபதேசியாரு இருந்தப்பவே கேட்டோம், சாவுகாரு பேரையும் சீட்டுல போடலாமானு. வேணாம்னுட்டாரு."

ஏன் என்றேன்.

"அவராவே கேக்கட்டும்னாரு."

எத்தனை சாயங்காலம் எதிரே உட்கார்ந்திருந்தீர். ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான்தான் இன்றுவரை கேட்கவில்லையே, இப்போது ஏன் போட்டீர்கள் என்று அவனிடம் கேட்டேன்.

"படகு போனாலும் போவலைன்னாலும் ஞாயித்துக்கெழமை கரையில வந்து நிக்கிறீங்க. கேட்ட மாதிரிதான் அது." பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னான்: "கூலி ஆளு வச்சா எங்க பேரையும் எடுத்துடுங்க. உங்க பேரு இருந்தா எங்களுதும் இருக்கும்."

நான் வியாபாரி. பேசாமல் எதையும் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. வெயில் ஏறும் வரைக்கும் உட்கார்ந்து பேசினோம், மற்றவர்களும் வந்து கூடினார்கள். காட்டூர்க்காரன் கழி பிடித்தால் படகு ஏரிக்குப் போகாது, நெல் வயலுக்குத்தான் போகும் என்றான் ஒருவன். நானும் சிரித்துவிட்டேன்.

பேசி முடித்தது இது. மூன்றாம் ஞாயிறு என் பாடு, மழையானாலும் வெயிலானாலும். எனக்குப் பதில் ஆள் வைக்கக் கூடாது. கழி பிடிக்கப் பழகும் வரை ஈசாக்கு கூட வருவான், அவன் ஏசினால் நான் திருப்பிப் பேசக் கூடாது. சங்கீதம் வாசிப்பது கோயில்பிள்ளை, நான் இல்லை. தீவில் யார் வீட்டில் கஞ்சி கொடுத்தாலும் உட்கார்ந்து குடிக்க வேண்டும். படகில் வியாபாரப் பேச்சு கிடையாது. உடம்புக்கு முடியாத நாளில் கரைக்கு வந்து எல்லார் முன்னாலும் முறையைக் கொடுக்க வேண்டும். நடக்க முடியாவிட்டால் அவர்களே வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். கூலி கிடையாது, இரண்டு பக்கமும்.