இன்னொரு அப்பாவின் கதிரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சீனி இறங்கிவிட்டதா? இங்கே கனடாவில் வெப்பமானி மட்டும்தான் இறங்குகிறது. ஸ்காபரோவில் மாமியும் நானும் சுகம்.

போன சனிக்கிழமை ஒரு சீனப் பாடகியின் கச்சேரிக்குப் போனேன். ஏழு வருடம் கழித்து மேடைக்குத் திரும்பியிருக்கிறார். டிக்கெட், வகுப்புத் தோழி ஜியாயியின் அப்பாவுக்கு வாங்கியது. ஷாங்காயில் வேலை செய்யும் அவர் இந்த முறையும் வரவில்லை. அவருடைய கதிரையில் உட்கார்ந்தது நான்!

பாடியதெல்லாம் பழைய பாட்டு. நான் நம் ஊர் வழக்கப்படி "வன்ஸ் மோர்!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த ஜியாயியின் அம்மா சிரிக்கவில்லை.

"கத்தாதே. எங்கள் மொழியில் இப்போது புதுப் பாட்டே வருவதில்லை. எல்லாரும் பழையதைத்தான் திருப்பிப் பாடுகிறார்கள். என் புருசனும் அப்படித்தான், 'அடுத்த வருடம் வருகிறேன்' என்று."

நீங்கள் போனில் பாடுவதும் அதே பாட்டுத்தான், அப்பா.

வீட்டில் உடுக்க உங்களுடைய பழைய சாரம் ஒன்று அனுப்புங்கோ. இங்கே வாங்கியது இடுப்பில் நிற்குதில்லை.

ஜூனில் என் பள்ளிக்கூடப் பட்டமளிப்பு. உங்களுக்கு ஒரு கதிரை வைத்திருக்கிறேன். வரமாட்டீர்கள் என்றால் இப்பவே சொல்லுங்கோ, அந்தச் சீன அன்ரியைக் கூப்பிடுகிறேன். வராத ஆளுக்குக் கதிரை பிடித்து வைப்பது எவ்வளவு வெட்கம் என்று அவருக்குத் தெரியும்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

விதுர்சன்